அகராதியில் இருக்கட்டும், தலைப்புச் செய்தியில் வேண்டாம்

ஆங்கில நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் தோழர்களுக்கு 'பரையா ஸ்டேட்' என்ற தொடர் பழக்கப்பட்டதாகவே இருக்கும். ஒரு நாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தால், அதன் தூதர்களை மற்ற நாடுகள் திருப்பி அனுப்பினால், அந்த நாடு 'பரையா' ஆகிவிட்டது என்று எழுதுவார்கள். 2019 நவம்பரில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைக் குறித்து இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார். கட்சியிலிருந்து ஒதுக்கப்பட்ட தலைவர், ஊழலில் சிக்கிய தொழிலதிபர், சூதாட்டப் புகாரில் மாட்டிய விளையாட்டு வீரர் என எல்லோருக்கும் இந்த ஒரே பட்டம் போதுமானதாக இருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். தப்பு செய்தவர்கள், கொலைக்கு உத்தரவிட்டவர்கள், பணத்தைச் சுருட்டியவர்கள். அதாவது, ஒதுக்கப்படத் தகுதியானவர்கள். அவர்களைக் குறிக்க ஆங்கிலம் வைத்திருக்கும் சொல், எந்தத் தப்பும் செய்யாமல் பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் பெயர். அந்தப் பெயர் பறையர்.

இது நமக்குப் புதிய தகவல் இல்லை. பலரும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக்குள் புதிதாக நுழையும் மாணவர்களுடன் பேசும்போது, ஆங்கிலப் பாடத்தில் இந்தச் சொல்லைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அது தமிழிலிருந்து போனது என்பதை அறியாமலே படித்திருப்பதைப் பார்க்கிறோம். அறிந்த சிலரோ அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் அந்தச் சொல்லுக்கு 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். தன் சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் கரும்பலகையில் உள்ள சொல்லும் ஒன்றுதான் என்று புரிந்த மாணவி தலையைக் குனிந்துகொள்கிறாள். இந்தக் குனிவுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு சொல்லின் வரலாற்றை முழுதாகத் தெரிந்துகொண்டால் தலை குனிய வேண்டியவர்கள் வேறு யாரோ என்பது தெரிந்துவிடும்.

'ர்' ஏறாத கப்பல்

ஆங்கில அகராதிகள் 'பரையா' என்பதன் வேரைத் தமிழ்ப் 'பறையர்' என்றே காட்டுகின்றன. பறை என்னும் தோற்கருவியோடு இணைத்து, 'பரம்பரையாகப் பறை அடிப்பவர்' என்று விளக்கமும் தருகின்றன. விளக்கம் அத்துடன் நின்றுவிடுகிறது. பறை என்றால் தமிழில் சொல், அறிவிப்பு என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் சொல்லுவதுதான். புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைப் பெருமைக்குரிய நான்கு குடிகளில் ஒன்றாக எண்ணுகிறது. அகராதி தேடுபவர் இதில் எதையும் அங்கே காணமாட்டார்.

சொல் எப்படிப் போனது? முதலில் போர்த்துகீசியர் வழியாக. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் இருந்த துவார்த்தே பர்போசாவின் குறிப்புகளிலேயே இந்தப் பெயர் வருகிறது. ஆங்கிலத்தில் 1613இல் சாமுவேல் பர்ச்சஸ் வெளியிட்ட பயணத் தொகுப்பில் இது இடம்பெற்றது. அப்போது அது ஒரு குறிப்பிட்ட மக்களின் பெயர் மட்டும்தான். அந்த மக்களைப் பற்றி வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னவர்கள் யார்? துறைமுகத்திலும் கோட்டையிலும் அவர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், இடைத்தரகு பார்த்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். தாங்கள் யாரை எப்படிப் பார்த்தார்களோ அந்தப் பார்வையையும் பெயரோடு சேர்த்தே கொடுத்தார்கள். எனவே இழிவை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. அது உள்ளூர்ச் சரக்கு. அவர்கள் அதை ஏற்றுமதி செய்தார்கள்.

'பறையர்' என்பது பன்மை; 'அர்' விகுதி தமிழில் மரியாதைக்கும் உரியது. ஆங்கிலம் அந்தப் பன்மையைத்தான் எடுத்தது, ஆனால் ஒருமையாக்கிக்கொண்டது. கடைசியில் இருந்த 'ர்' கரைந்துபோனது. ஒலி மாற்றம் என்று மொழியியலாளர் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை வெறும் ஒலி மாற்றங்கள் அல்ல. ஆங்கிலேயர் தெருநாயைப் 'பரையா நாய்' என்றார்கள். ஊர்ப்புறத்தில் வட்டமிடும் பருந்தைப் 'பரையா பருந்து' என்றார்கள். மட்டமான சாராயத்துக்கும் அதே அடைமொழி. யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் புரட்டினால் இந்த வரிசையைப் பார்க்கலாம். ஒரு மக்களின் பெயர் நாய்க்கும் பறவைக்கும் அடைமொழியாவதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை.

அதே கப்பலில் இன்னொரு சொல்லும் போனது. அது 'பிராமின்'. 1860இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற எழுத்தாளர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பழைய படித்த பணக்காரக் குடும்பங்களைக் குறிக்க 'நியூ இங்கிலாந்தின் பிராமணச் சாதி' என்று எழுதினார். அதிலிருந்து 'பாஸ்டன் பிராமின்' என்ற தொடர் நிலைத்துவிட்டது. இன்றும் அந்த ஊர்ப் பெருங்குடும்பத்தாரை அப்படித்தான் அழைக்கிறார்கள். 'பண்டிட்' என்பது இன்று ஆங்கிலத் தொலைக்காட்சி விவாதங்களில் கருத்துச் சொல்லும் நிபுணரின் பெயர். ஒரே சமூகத்திலிருந்து கடல் கடந்த சொற்களில் ஒன்று மாளிகைக்குப் போனது, ஒன்று தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனது, ஒன்று குப்பைமேட்டு நாய்க்குப் போனது. சாதி கடல் கடந்தால் கெட்டுப்போகும் என்பார்கள். சொற்களில் அது கொஞ்சமும் கெடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது!

ஐரோப்பா எடுத்துக்கொண்ட பட்டம்

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. அதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791இல், பெர்னார்தென் தெ சேன்பியேர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர் கடைசியில் அதை ஓர் இந்தியக் குடிசையில், ஒரு 'பரியா'விடம் கண்டடைகிறார். கதை ஐரோப்பாவில் பரவலாகப் படிக்கப்பட்டது. 1821இல் காசிமிர் தெலவீன் இதே பெயரில் நாடகம் எழுதினார். ஜெர்மன் கவிஞர் கதேவும் இந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்ணுரிமைப் போராளி, கணவனைப் பிரிந்து வாழ்ந்ததால் சமூகம் தன்னை ஒதுக்கியதைச் சொல்லி, தன் பயண நூலுக்கு 'ஒரு பரியாவின் அலைச்சல்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். சமூகவியல் படித்தவர்களுக்கு மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்று வகைப்படுத்தியது தெரிந்திருக்கும். 1944இல் ஹன்னா அரெண்ட், ஒதுக்கப்பட்ட நிலையை உணர்ந்து நிமிர்ந்து நிற்கும் 'பரியா'வையும், ஆதிக்கத்தோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் 'புதுப்பணக்கார' மனநிலையையும் எதிரெதிரே வைத்து எழுதினார். ஹோசிமின் இளைஞராகப் பாரிசில் இருந்தபோது, காலனி நாட்டுத் தோழர்களுடன் சேர்ந்து 1922 ஏப்ரலில் தொடங்கிய ஏட்டின் பெயரும் 'பரியா'தான்.

இவர்கள் எவரும் நமக்கு எதிரிகள் அல்லர். ஒதுக்கப்பட்டவரின் பக்கம் நின்றுதான் இந்தச் சொல்லை எடுத்தார்கள். ஆனாலும் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை பேர் அந்தப் பெயரைத் தங்கள் துயரத்துக்குச் சூட்டிக்கொண்டார்களே, அந்தப் பெயருக்குரிய மக்கள் அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? நாங்கள் முதுகலை படித்தபோது வெபரின் 'பரியா மக்கள்' கோட்பாடு ஒரு முழு வகுப்பாக நடந்தது. அந்தச் சொல்லின் உரிமையாளர்கள் இதே தமிழ்நாட்டில் அதே காலத்தில் பத்திரிகை நடத்தினார்கள் என்ற ஒரு வரி அந்த வகுப்பில் இல்லை.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் ஏடு தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் பெரிதாக அச்சிட்டு விற்றார். பெயரை மறைத்துக்கொண்டு அந்த மக்களின் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்கவில்லை. அந்தப் பெயரே பகைவர் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள், பூர்வத் தமிழர்கள் என்று வாதிட்டார். 1907இல் தாம் தொடங்கிய ஏட்டுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சூடிக்கொள்வதா, தூக்கி எறிவதா என்பதை நம் முன்னோர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தங்களுக்குள் விவாதித்திருக்கிறார்கள். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்பது அரசு ஆவணங்களில் வந்தது.

ஆண்டைக் கவனியுங்கள். பாரிசில் காலனி நாட்டுப் போராளிகள் அந்தச் சொல்லைப் பதாகையாகத் தூக்கிய அதே 1922இல், சென்னையில் அந்தச் சொல்லுக்கு உரியவர்களின் பிரதிநிதி அதை அரசுக் காகிதத்திலிருந்து நீக்கச் செய்தார். இரண்டும் விடுதலைக்கான செயல்கள்தான். ஆனால் இரண்டாமவருக்கு அது உவமை இல்லை. வீட்டு விலாசம்.

நிலச்சுவான்தாரின் பெயரிலிருந்து ஒரு சட்டப் பிரிவு

இப்போது எதிர்த் திசையில் வந்த ஒரு சொல்லைப் பார்ப்போம்: 'பாய்காட்'. இது ஒரு மனிதனின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880இல் விளைச்சல் மோசமானது. குத்தகையைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டார்கள். கேட்ட அளவுக்குக் குறைக்க மறுத்து, குடியானவர்களை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார்கள். அந்த மக்கள் கல்லெடுக்கவில்லை. வேலையை நிறுத்தினார்கள். கடைக்காரர் சரக்கு கொடுக்கவில்லை, கொல்லர் இரும்பு அடிக்கவில்லை, சலவை செய்பவர் துணி எடுக்கவில்லை. கடைசியில் பயிரை அறுக்க வடக்கிலிருந்து சுமார் 50 ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும். 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலை அறுக்க 10,000 பவுண்டு செலவானது என்று சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் அயர்லாந்தைவிட்டுப் போனார். அவர் பெயர் போகவில்லை, வினைச்சொல்லாகிவிட்டது.

அந்தப் பெயரை வினையாக்கியது ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி என்று சொல்லப்படுகிறது. 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் இருக்கிறதே என்றதற்கு, அது குடியானவர்களுக்குப் புரியாது என்றாராம். 'ஆஸ்ட்ரசைஸ்' கிரேக்கச் சொல். பழைய ஏதென்ஸ் நகரத்தில் யாரை நாடுகடத்த வேண்டுமோ அவர் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்களிப்பார்கள். அந்த ஓட்டின் பெயர் 'ஆஸ்ட்ரகான்'. தண்டனை 10 ஆண்டுகள். சொத்து பறிபோகாது, காலம் முடிந்தால் திரும்பி வரலாம். உலகம் ஒதுக்கிவைத்தலுக்கு இட்ட பழைய பெயர்களில் ஒன்றுக்குக்கூட ஒரு கெடு இருந்தது. நம் ஊர்களில் இருந்த ஒதுக்கலுக்குக் கெடு கிடையாது. பிறப்பில் தொடங்கிச் சுடுகாட்டுப் பாதை வரை.

'பாய்காட்' இந்தியாவுக்கு வந்து 'பகிஷ்காரம்' ஆனது. 1905க்குப் பிறகு அந்நியத் துணி பகிஷ்காரம் தேசபக்தியின் அடையாளம். ஆனால் ஊருக்குள் அதே கருவி வேறு ஆட்களின் கையில் இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால், கோயிலுக்குள் நுழைந்தால், சாவுக்குப் பறையடிக்க மறுத்தால், புகார் கொடுத்தால் ஊர்க்கட்டுப்பாடு. வயலில் வேலை கிடையாது, கடையில் அரிசி கிடையாது, மாவு மில்லில் அரைக்க மாட்டார்கள், பொதுப்பாதையில் மாட்டை ஓட்டிப் போக முடியாது. அயர்லாந்தில் நிலமில்லாதவர் நிலக்காரர் தரப்புக்கு எதிராகத் தூக்கிய ஆயுதத்தை, இங்கே நிலம் வைத்திருந்தவர்கள் நிலமில்லாதவர்மீது வீசினார்கள். பாய்காட்டுக்கு ஊரைவிட்டுப் போக வண்டி கிடைத்தது. சேரிக்கு அதுவும் இல்லை.

அம்பேத்கர் இதை மிகத் துல்லியமாகப் புரிந்துகொண்டவர். 1924இல் அவர் தொடங்கிய அமைப்பு 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா', 1927இல் தொடங்கிய ஏடு 'பகிஷ்கிருத பாரத்'. ஒதுக்கப்பட்டோர் என்பதையே பெயராக்கினார். வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாகக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரினார்கள். 'பாய்காட்' என்றால் என்ன என்று சட்ட மொழியில் வரையறுத்துக் காட்டினார்கள். அந்த வரையறைக்கு அம்பேத்கர் மாதிரியாக எடுத்துக்கொண்டது பர்மாவின் 1922ஆம் ஆண்டுப் புறக்கணிப்புத் தடைச் சட்டம். மறுபடியும் 1922.

'பறையன்' என்று ஏடு நடத்தியவர், நம் பெயரை இழிசொல்லாக்கிய அதே மொழியில், லண்டனிலேயே போய், ஓர் அயர்லாந்து நிலமேலாளரின் பெயரைப் பிடித்து நமக்கான பாதுகாப்புப் பிரிவாக எழுதிக் கேட்டார் என்றால் அது எவ்வளவு பெரிய செயல்! சுதந்திர இந்தியாவின் 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் 'பாய்காட்' வரையறை பெற்றது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. ஊர்க்கட்டுப்பாடு என்று புகார் எழுதப் போகும் தோழர்கள் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள்.

"எல்லாச் சொல்லும் அப்படித்தானே?"

இதைப் பேசும்போதெல்லாம் வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. சொற்கள் பொருள் மாறும். பழைய வேரை யாரும் நினைப்பதில்லை. 'வில்லன்' என்ற சொல் பண்ணையில் வேலை செய்த குடியானவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'ஸ்லேவ்' என்பது ஸ்லாவ் மக்களின் பெயரிலிருந்து வந்தது. அவற்றுக்கு யாரும் கொடி பிடிக்கவில்லையே, 'பரையா'வுக்கு மட்டும் ஏன்?

நியாயமான கேள்விதான். நம் பதில் இது. பண்ணையோடு கட்டப்பட்ட அந்த ஐரோப்பியக் குடியானவன் முறை இன்று இல்லை. ஸ்லாவ் மக்களை இன்று யாரும் அடிமைச் சந்தையில் விற்பதில்லை. அந்தச் சொற்களின் பின்னால் இருந்த உறவு செத்துவிட்டது. அதனால் சொல் விடுதலையாகிவிட்டது. பறையர் என்ற பெயரோடு மக்கள் இன்று இருக்கிறார்கள். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் வரிசையில் உள்ள பெயர். கல்விக் கடனுக்கும் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அந்தப் பெயர் எழுதிய சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர்த் தொட்டியில் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். காயம் ஆறிய பிறகு தழும்பைப் பற்றிப் பேசுவது வேறு, ரத்தம் வடியும்போது அதை உவமையாக்குவது வேறு.

பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் இந்த நாட்டில் குற்றம். ஒரு வெளிநாட்டு அரசைப் 'பரையா' என்று எழுதுவது சட்டப்படி அந்தக் குற்றம் ஆகாது, அப்படி நாம் வாதிடவும் இல்லை. ஆனால் 2018 ஆகஸ்டில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: 'தலித்' என்ற சொல்லைத் தவிர்த்து 'பட்டியல் சாதி' என்று சொல்லுங்கள் என்று. நாமே தேர்ந்தெடுத்த பெயரைச் சொல்லத் தயங்க வேண்டுமாம். நம்மை இழித்த பெயரை உவமையாக ஓட்டுவதற்கு எந்த அறிவுரையும் இல்லை.

இன்னோர் அனுபவமும் நமக்குப் பாடம். மலேசியாவில் பள்ளிப் பாடநூலாக வைக்கப்பட்ட 'இன்டர்லோக்' நாவலில் இந்தச் சொல் வந்தது. அங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2011இல் நாவல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அங்கே தமிழர்களை வையும் வசைச்சொல்லாக அது இருப்பதால் எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்த எதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்திருந்தன. 'ஒரு மக்களை இப்படி இழிக்காதே' என்பது ஒன்று. 'நாங்கள் எல்லோரும் அந்தச் சாதி இல்லை' என்பது மற்றொன்று. இரண்டாவது குரல் இழிவை எதிர்க்கவில்லை. இழிவை இன்னொருவர் தலைக்குத் தள்ளிவிடுகிறது. நாம் போராடும்போது எந்தக் குரலில் பேசுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அழிக்கச் சொல்லவில்லை

அப்படியானால் அகராதியிலிருந்தே சொல்லை நீக்கச் சொல்லலாமா? சில தோழர்கள் அப்படிக் கோருகிறார்கள். நாம் உடன்படவில்லை.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பறையர் மக்களின் நிலமின்மை, கடன், பண்ணையடிமை நிலை, மிராசுதார்களின் பிடி எல்லாவற்றையும் அதில் எழுதினார். அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'பரையாஸ்' என்ற சொல் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களின் தொடக்கம். 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கொடுத்தது அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான். பஞ்சமி நிலத்தின் மூலத்தைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகும் மாணவர் அந்தச் சொல்லின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சொல்லை அழித்தால் சாட்சியும் சேர்ந்து அழியும். குற்றம் செய்தவருக்குத்தான் அது வசதி.

எனவே நம் கோரிக்கை இரண்டு பகுதி கொண்டது. அகராதியில் சொல் இருக்கட்டும். முழு வரலாற்றோடு இருக்கட்டும். பறை அடிப்பவர் என்று ஒரு வரியில் முடிக்காமல், யார் பெயர், யார் இழித்தது, அந்த மக்கள் அதை எப்படி எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். இழிசொல் என்ற குறிப்பும் இருக்கட்டும். அதே நேரம், செய்தியிலும் தலையங்கத்திலும் பாடநூல் பயிற்சியிலும் உவமையாக எழுதுவதை நிறுத்தட்டும். ஆங்கிலத்துக்குச் சொல் பஞ்சம் இல்லை. 'ஐசோலேட்டட்' இருக்கிறது, 'ஷன்ட்' இருக்கிறது, 'அவுட்காஸ்ட்' இருக்கிறது. கடைசிச் சொல்லில் 'காஸ்ட்' இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அது சாதியைக் குறிக்கும் போர்த்துகீசிய 'காஸ்தா'விலிருந்து வந்ததல்ல. 'வெளியே எறியப்பட்டவர்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். கடைசியில் 'ஈ' சேர்த்து எழுதும்போதுதான் அது சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைக் குறிக்கிறது.

மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தெருநாய்களை வளர்ப்பவர்கள் பலர் இப்போது 'பரையா நாய்' என்பதைவிட்டு 'இண்டி' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாய்க்குப் பெயர் மாற்ற முடிந்தவர்களால் தலையங்கத்தில் மாற்ற முடியாதா?

தமிழுக்கும் இதே கோரிக்கை. தேர்தல் வந்தால் 'எந்தக் கட்சியும் தீண்டத்தகாத கட்சி அல்ல' என்று தலைவர்கள் பேட்டி கொடுப்பார்கள். நாளிதழ்கள் அதைத் தலைப்பாக்கும். தீண்டாமை ஒரு குற்றம் என்று பாடநூலின் முதல் பக்கத்தில் அச்சிடும் மாநிலத்தில், அது கூட்டணிப் பேச்சுவார்த்தையின் உவமை! ஆங்கிலேயரைக் கேட்பதற்கு முன்னால் நம் வீட்டுத் திண்ணையையும் கேட்போம்.

'காஸ்ட்' என்ற சொல் நமக்கு ஒரு நம்பிக்கையும் தருகிறது. குலம், இனம் என்ற பொருளில் போர்த்துகீசியர் பயன்படுத்திய சொல், வருணத்தையும் சாதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய சொல்தான் அது. ஆனால் அதன் பொருளை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். அதனால்தான் 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார் என்பதும் உண்மை. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சொல் வழக்குமன்றம் ஏறிவிட்டது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். அடுத்த முறை ஆங்கில நாளிதழில் 'பரையா' என்று பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். ஆசிரியருக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுங்கள். திட்ட வேண்டாம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, 1893இல் அதை யார் ஏட்டின் பெயராக்கினார், 1922இல் அதை யார் அரசுக் காகிதத்திலிருந்து எடுத்தார், இன்று அது யாருடைய சான்றிதழில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வகுப்பில் அந்தச் சொல் வந்தால் கையைத் தூக்கி இதையே சொல்லுங்கள். தலை குனிந்திருக்கும் தோழி பக்கத்து பெஞ்சில் இருக்கலாம். அவள் கேட்கட்டும்.

ஜெய்பீம்.